புஷ்ஷோட 2002 ஸ்டேட் ஆஃப் தி யூனியன் பேச்சு: அடிச்சவன் பேரே வராத ஒரு போர்ப் பேச்சு

பழைய_பேப்பர்

புஷ் 2002 ஜனவரி 29ம் தேதி அமெரிக்க காங்கிரஸ்ல பேசுன பேச்ச இந்த வாரம் முழுசா உக்காந்து கேட்டேன், முக்கா மணி நேரத்துக்கு மேல ஓடுது. இந்தப் பேச்சுன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒரே ஒரு வரி தான், ஈராக் ஈரான் வடகொரியா மூணையும் ஒரே கயித்துல கட்டி "தீய அச்சு"ன்னு சொன்னாரே அது. எனக்கு உறுத்துனது வேற.

செப்டம்பர் 11 நடந்து அஞ்சு மாசம் கூட ஆகல. 2,977 பேர் செத்துருக்காங்க. செஞ்சவன் யாருன்னு உலகத்துக்கே தெரியும், ஆப்கானிஸ்தான்ல டோரா போரா மலையில அவனக் கோட்ட விட்டதும் முந்தின மாசம் தான். ஆனா அந்த மொத்தப் பேச்சுல ஒசாமா பின்லேடன்ங்கற பேரு ஒரு தடவ கூட வரல, நான் எழுத்து வடிவத்தையும் எடுத்துத் தேடிப் பாத்துட்டேன். அதே நேரம் செப்டம்பர் 11ல சம்பந்தமே இல்லாத ஈராக்குக்கு மட்டும் வரிசையா அஞ்சாறு வாக்கியம். ஈரானுக்கு ஒண்ணு, வடகொரியாவுக்கு ஒண்ணு.

சரி, அரசியல்வாதி பேச்சு அப்படித்தான் இருக்கும்னு விட்டுடலாம். எதிர்ல உக்காந்திருந்தவங்க யாரு? சட்டம் போடுறவங்க, போருக்கு ஓட்டு போடவேண்டியவங்க. அமெரிக்க அரசியல் சாசனப்படி இந்தப் பேச்சே எதுக்குன்னா நாட்டு நெலமைய ஜனாதிபதி காங்கிரஸுக்குத் தகவலா சொல்லணும், அவ்வளவு தான். அன்னிக்கு நடந்தது தகவல் சொன்ன மாதிரியா இருந்துச்சு? நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு கை தட்டுறாங்க, ரெண்டு கட்சியும். என்னோட கேள்வி இது தான்: ஒரு நாடு அடி வாங்குன உடனே அதோட நாடாளுமன்றம் ஏன் கேள்வி கேக்குறத நிறுத்திடுது? பேசலாம் வாங்க.

எடிசன்வாசி

பேப்பர் சார் வணக்கம். நான் அப்ப நியூஜெர்சில தான் இருந்தேன், எடிசன்ல. அந்தப் பேச்ச லைவ்ல பாத்தவன்ங்கறதால சொல்றேன், நீங்க இன்னிக்கு யூட்யூப்ல பாக்குறதுக்கும் அன்னிக்கு அங்க வீட்டு ஹால்ல உக்காந்து பாத்ததுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

அன்னிக்கு எங்க பயம் என்னன்னா அடுத்தது எப்ப, எங்கங்கறது தான். ட்ரெயின் ஸ்டேஷன் பார்க்கிங்ல செப்டம்பர் 11 காலைல விட்டுட்டுப் போன கார் சிலது நாள் கணக்கா அப்படியே நின்னுச்சு, ஓட்டிட்டுப் போக ஆள் திரும்பி வரல. அக்டோபர்ல ஆந்த்ராக்ஸ்ங்கற கொல்ற கிருமிப் பொடிய கவர்ல வெச்சு அனுப்புற லெட்டர் ஆரம்பிச்சிடுச்சு, நாங்க எல்லாம் மெயில் பாக்ஸத் தொறக்கவே கிளவுஸ் போட்டோம், சிரிக்காதீங்க. டிசம்பர் 22ம் தேதி ஒருத்தன் பாரிஸ்ல இருந்து மயாமி வர்ற ஃப்ளைட்ல ஷூவுக்குள்ள வெடிமருந்து வெச்சு கொளுத்தப் பாத்தான், ஏர் ஹோஸ்டஸுங்க புடிச்சு அமுக்குனதால தப்பிச்சாங்க. அந்த ரெண்டு பொண்ணுங்களும் அன்னிக்கு அந்த கேலரில விருந்தாளியா உக்காந்திருந்தாங்க.

நீங்க சொல்ற எம்பிக்கள் மட்டும் என்ன, வேற கிரகமா? நாலாவது விமானம், பென்சில்வேனியால விழுந்ததே, அது கேப்பிட்டல் கட்டடத்துக்குத் தான் போயிட்டு இருந்துச்சுன்னு சொல்றாங்க. அதாவது அவங்க உக்காந்திருந்த அதே கட்டடம். செனட்டர் டேஷில் ஆபீஸுக்கே ஆந்த்ராக்ஸ் கவர் வந்துச்சு. ஹார்ட் கட்டடம்னு செனட் ஆபீஸ் ஒண்ணு மூணு மாசம் பூட்டிக் கெடந்து, இந்தப் பேச்சுக்கு சரியா ஒரு வாரம் முன்னாடி ஜனவரி 22ம் தேதி தான் தொறந்தாங்க. அந்த நெலமைல எந்திரிச்சு கை தட்டாம வேற என்ன பண்ணுவாங்க? அது புஷ்ஷுக்காக தட்டுன கை இல்ல சார், நாங்க இன்னும் உயிரோட இருக்கோம்னு தட்டுன கை.

நெல்லை_மச்சான்

அண்ணாச்சி, அந்த வீடியோவ நானும் பாத்தேன். எந்திரி, தட்டு, உக்காரு, எந்திரி, தட்டு, உக்காருன்னு பாதிப் பேருக்கு முட்டிவலி வந்துருக்கும் பாத்துக்கிடுங்க. பின்னால துணை ஜனாதிபதி சேனியும் சபாநாயகர் ஹேஸ்டர்ட்டும் இருக்காவளே, அவுக மூஞ்சியப் பாத்தேளா, சேனி சிரிக்குதாரா மொறைக்குதாரான்னே தெரியல.

இன்னொரு விசயம், இந்தப் பேச்சு அன்னிக்கு ஒரு மந்திரிய மட்டும் வேற எங்கயோ பத்திரமா வெச்சிருப்பாவ, குண்டு விழுந்து மொத்தப் பேரும் போயிட்டா நாட்டப் பாத்துக்கிட ஒரு ஆள் வேணும்லா. அந்த வருசம் இன்டீரியர் செகரட்டரி கேல் நார்ட்டனாம், காடு நெலம் எல்லாம் பாத்துக்கிடுத டிபார்ட்மெண்ட். மத்த வருசம் இது சும்மா சடங்கு, அந்த வருசம் நெசமாவே கவலப்பட்டு வெச்சிருப்பாவ.

பழைய_பேப்பர்

எடிசன் சார், பயம் நியாயமானது தான், அத நான் மறுக்கல. ஆனா அந்த ஆந்த்ராக்ஸையே எடுத்துக்கோங்க. பேச்சுல ஈராக் பத்தி வர்ற எடத்துல புஷ் என்ன சொல்றாரு? ஈராக் பத்து வருசத்துக்கு மேலா ஆந்த்ராக்ஸும் நரம்பு வாயுவும் அணு ஆயுதமும் தயாரிக்க சதி பண்ணுதுன்னு. ஆந்த்ராக்ஸ் தான் மொதல்ல வருது, கவனிச்சீங்களா? ஒரு வாரம் முன்னாடி தான் ஆபீஸ் தொறந்து உள்ள போன ஆளுங்க கிட்ட போயி ஆந்த்ராக்ஸ், ஈராக் ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றாரு. லெட்டர் அனுப்புனது சதாம்னு அவர் சொல்லவே இல்ல. சொல்லத் தேவையும் இல்ல, கேக்குறவன் மண்டைல தானா ஒட்டிக்கும்.

அந்த லெட்டர் கேஸ் கடைசில எங்க போயி நின்னுச்சு? அஞ்சு பேர் செத்த கேஸ். 2008ல எஃப்பிஐ கை காட்டுனது அமெரிக்க ராணுவத்தோட சொந்த ஆய்வுக்கூடத்துல வேல பாத்த விஞ்ஞானிய, அவர் கேஸ் போடுறதுக்கு முன்னாடியே தற்கொல பண்ணிக்கிட்டாரு. ஈராக்குக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

பயந்த ஆளு கிட்ட தகவல் சொல்றது ஒண்ணு, பயந்த ஆளோட பயத்த எடுத்து வேற பக்கம் திருப்புறது ஒண்ணு. ரெண்டாவது தான் அங்க நடந்துச்சுங்கறது என் கருத்து.

டீச்சரக்கா

இந்த மாதிரி இழைன்னா நான் வராம இருக்க முடியுமா? வரலாறு கொஞ்சம் சொல்றேன், போரடிச்சா தாண்டிப் போயிடுங்கப்பா.

இந்தப் பேச்சு எப்பவும் இப்படி ஒரு திருவிழா இல்ல. வாஷிங்டன் நேர்ல போய்ப் பேசுனாரு, ஆனா ஜெஃபர்சன் 1801ல அத நிறுத்திட்டு எழுதி அனுப்பிட்டாரு. நேர்ல போய்ப் பேசுறது ராஜா வந்து சிம்மாசனத்துல உக்காந்து உரை நிகழ்த்துற மாதிரி இருக்குன்னு ஒரு எண்ணம். அதுக்கப்புறம் நூறு வருசத்துக்கு மேல எழுத்துல தான் போச்சு. 1913ல உட்ரோ வில்சன் தான் மறுபடி நேர்ல போய்ப் பேச ஆரம்பிச்சாரு. அப்புறம் ரேடியோ, டிவின்னு வந்ததும் பேச்சு காங்கிரஸப் பாத்து இல்ல, கேமராவப் பாத்துன்னு ஆயிடுச்சு.

கேலரில ஆள உக்கார வெச்சு பேர் சொல்லிக் கை தட்ட வைக்கிறதும் ரீகன் 1982ல ஆரம்பிச்சது. அந்த மாசம் பொடோமேக் ஆத்துல ஒரு விமானம் விழுந்துச்சு, உறைஞ்ச தண்ணில குதிச்சு ஒரு பொண்ணக் காப்பாத்துன அரசு ஊழியர் ஒருத்தர், லென்னி ஸ்கட்னிக்னு பேரு, அவரக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. அன்னில இருந்து எல்லா ஜனாதிபதியும் இத விடாம பண்றாங்க.

2002ல அந்த கேலரிய யார் யார வெச்சு நிரப்புனாங்கன்னு பாருங்க. லாரா புஷ் பக்கத்துல ஹமீது கர்சாய், ஆட்டுத்தோல் குல்லாவும் மேல போட்ட அந்த நீள அங்கியுமா. அவரு காபூல்ல இடைக்கால தலைவரா பொறுப்பேத்து ஒரு மாசம் தான் ஆகுது. அப்புறம் டாக்டர் சிமா சமர், ஆப்கன் பெண்கள் நல அமைச்சர். அப்புறம் மசார் இ ஷரிஃப்ல கைதிங்க கலவரத்துல செத்த சிஐஏ ஆளு மைக் ஸ்பானோட மனைவி. கணவன் கல்லறைல அந்தப் பொண்ணு சொன்ன கடைசி வார்த்தைய புஷ் அங்க படிச்சுக் காட்டிட்டு, நேரா அந்தம்மாவப் பாத்து நம்ம காரணம் நியாயமானதுன்னு உறுதி குடுக்குறாரு. கேமரா அந்தம்மா முகத்துக்குப் போகுது. மொத்த சபையும் எந்திரிக்குது.

இந்த எடத்துல ஒரு எம்பி கையத் தூக்கி, ஐயா அடுத்த போருக்கு ஆதாரம் என்னன்னு கேக்க முடியுமா? கேட்டா அவன மனுசனாவே மதிக்க மாட்டாங்க. பேப்பர் கேள்விக்குப் பாதி பதில் இதுல இருக்குன்னு நெனைக்கிறேன். வாயத் தொறக்க முடியாத மாதிரி தான் அந்த மேடையே கட்டிருக்கு.

தறிக்காரன்

அக்கா சொல்றது சரிதானுங்க. ஆனா ஒருத்தரும் நம்ம பக்கத்துக் கதையச் சொல்ல மாட்டேங்கறீங்களே.

அந்தப் பேச்சு அங்க ராத்திரி 9 மணிக்குங்க, நமக்கு மறுநாள் காலைல ஏழரை. ஜனவரி 30, காந்திய சுட்ட நாளு. அதையும் ஒரு ஓரமா வெச்சுக்கங்க. நம்ம பார்லிமெண்ட்ல டிசம்பர் 13ம் தேதி பூந்து சுட்டு ஒன்றர மாசம் தான் ஆச்சு. ரெண்டு பக்கமும் எல்லைல லட்சக்கணக்குல பட்டாளம் நிக்குது. ஜனவரி 22ம் தேதி கல்கத்தாவுல அமெரிக்கன் சென்டர் வாசல்ல போலீஸ்காரங்கள சுட்டுப்போட்டுப் போனாங்க. 23ம் தேதி கராச்சில டேனியல் பேர்ல்ங்கற அமெரிக்க நிருபரக் கடத்திட்டாங்க. கடத்துன கும்பல்ல முக்கியமான ஆளு, நாம 99ல காந்தகார் விமானக் கடத்தலப்ப விட்டுக்குடுத்தமே, அதுல ஒருத்தன் ஒமர் ஷேக். அவன்கூடவே விட்ட மசூத் அசார் ஆரம்பிச்சது தான் ஜெய்ஷ் இ முகமது.

இத்தன நடந்திருக்கு, அந்தாளு பேச்சுல என்ன சொல்றாரு? ஜெய்ஷ் பேரு வருது, ஹமாஸ் ஹிஸ்புல்லாவோட ஒரு பட்டியல்ல. சந்தோசம். அடுத்து கொஞ்ச நேரத்துல, பாகிஸ்தான் பயங்கரவாதத்த ஒடுக்குது, முஷாரஃபோட உறுதியான தலைமைய நான் மெச்சுறேன்னு சொல்றாருங்க! சபையே கை தட்டுது. கடைசில பின்லேடன் எங்க கெடச்சான்? 2011ல அபோட்டாபாத்ல, அவங்க மிலிட்டரி அகாடமிக்குக் கூப்புடு தூரத்துல. தீய நாடு லிஸ்ட்ல மூணு பேரு, அதுல ஒருத்தன் வீட்லயும் பின்லேடன் இல்லீங்க. மெச்சுன ஆளு வீட்ல இருந்தான். எனக்கு இதுக்கு மேல அந்தப் பேச்சப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லீங்க.

எடிசன்வாசி

தறி, முஷாரஃப் விசயத்துல உங்க கோவம் புரியுது. ஆனா ஆப்கானிஸ்தானுக்குள்ள சாமான் கொண்டு போக கராச்சி துறைமுகம் வேணும், பாகிஸ்தான் வான்வெளி வேணும். ஜனவரி 12ம் தேதி முஷாரஃப் டிவில வந்து ஜெய்ஷ், லஷ்கர் ரெண்டையும் தடை பண்றேன்னாரு. அத நம்புனது ஏமாளித்தனம்னு இன்னிக்கு சொல்லலாம். அன்னிக்கு வேற வழி?

துபாய்_பஸ்

எல்லாருக்கும் சலாம். இழைய இப்ப தான் பாக்குறேன். நான் வளைகுடால இருவது வருசத்துக்கு மேல, என்கூட வேல பாத்தவங்கள்ல ஈரானிங்க நெறைய. ஈரான் பத்தி யாரும் விரிவா பேசலன்னு தான் எழுதுறேன், நீளமாப் போகும், மன்னிச்சுக்கோங்க.

தலிபான் மேல ஈரானுக்கும் வெறுப்பு, அமெரிக்காவுக்கும் வெறுப்பு. 98ல மசார் இ ஷரிஃப்ல ஈரான் தூதரக ஆளுங்களயே தலிபான் பக்கத்து ஆளுங்க கொன்னாங்க, ஈரான் அப்பவே எல்லைல படையக் குவிச்சது. அதனால செப்டம்பர் 11க்கு அப்புறம் ரெண்டு நாட்டு அதிகாரிங்களும் சத்தம் போடாம உக்காந்து பேசிட்டு இருந்தாங்க. 2001 டிசம்பர்ல ஜெர்மனில பான் நகரத்துல ஆப்கன் புது அரசு அமைக்கிற கூட்டம் நடந்துச்சு. அமெரிக்கா தரப்புல ஜேம்ஸ் டாபின்ஸ், ஈரான் தரப்புல ஜவாத் ஜரிஃப். தலிபான எதிர்த்துச் சண்ட போட்ட ஆப்கன் வடக்குக் கூட்டணிக்காரங்க அதிக மந்திரி பதவி வேணும்னு புடிவாதமா நின்னப்ப, ஜரிஃப் அவங்க ஆளத் தனியா கூட்டிட்டுப் போய்ப் பேசி எறங்கி வர வெச்சாருன்னு டாபின்ஸே பின்னாடி பல தடவ சொல்லிட்டாரு. அதாவது அந்த கேலரில குல்லா போட்டு உக்காந்திருந்த கர்சாய் அங்க வந்து உக்கார ஈரானும் ஒரு காரணம்.

இன்னும் கேளுங்க. ஜனவரி 21, 22 தேதில டோக்கியோல ஆப்கானிஸ்தானுக்கு நிதி திரட்டுற மாநாடு. ஈரான் அஞ்சு வருசத்துக்கு 56 கோடி டாலர் தர்றேன்னு சொல்லுச்சு. அதுல இருந்து எண்ணி ஒரு வாரம். இந்தப் பேச்சு வருது.

என்கூட இருந்த ஒரு ஈரானி இஞ்சினியர், அப்ப ஜனாதிபதியா இருந்த சீர்திருத்தக்காரர் கதாமிக்கு ஓட்டு போட்ட ஆளு, அமெரிக்காவோட சமாதானம் ஆகணும்னு சாப்பாட்டு நேரத்துல எல்லாம் எங்க கிட்ட வாதாடுவாரு. அந்தப் பேச்சுக்கு அடுத்த வாரம் கேன்டீன்ல அவரப் பாத்து மத்த ஈரானிங்க சிரிச்சது எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு, "உன் ஃப்ரெண்டு என்ன சொல்றான் பாத்தியா"ன்னு. மனுசன் தட்ட எடுத்துக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிட்டாரு. பிப்ரவரி 11 புரட்சி நாள் பேரணிக்கு அந்த வருசம் தெஹ்ரான்ல கூட்டம் அள்ளுச்சு, சீர்திருத்தக்காரங்களும் பழமைவாதிங்களும் ஒண்ணா நின்னாங்க. முல்லாக்களுக்கு இதவிட நல்ல பரிசு யாரும் குடுத்திருக்க முடியாது.

எடிசன்வாசி

துபாய் பாய், நல்லா சொன்னீங்க, ஆனா ஒரு பக்கத்த விட்டுட்டீங்க. ஜனவரி 3ம் தேதி செங்கடல்ல கரைன் ஏன்னு ஒரு கப்பல இஸ்ரேல் மடக்குச்சு. 50 டன் ஆயுதம். அது ஈரான்ல இருந்து பாலஸ்தீனப் பகுதிக்குப் போகுதுன்னு இஸ்ரேல் சொல்லுச்சு, வாஷிங்டனும் அத ஏத்துக்கிட்டுச்சு. டோக்கியோல காசு குடுக்குற கை ஒண்ணு, கப்பல்ல ஆயுதம் ஏத்துற கை ஒண்ணுன்னு இருந்தா வாஷிங்டன்காரன் எதப் பாப்பான்?

துபாய்_பஸ்

ரெண்டையும் பாத்திருக்கணும் அண்ணே. அதுக்குத் தான் அவ்வளவு பெரிய வெளியுறவுத் துறை வெச்சிருக்காங்க. ஈரானுக்குள்ள ரெண்டு கோஷ்டி இருக்குன்னு எங்க கேன்டீன்ல சமோசா விக்கிறவனுக்கே தெரியும். கப்பல் விட்ட கோஷ்டிய திட்டுறேன்னு பேசிட்டு இருந்த கோஷ்டியையும் சேத்து குழில தள்ளிட்டாங்க. அதுவும் அந்த வரி எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? மொதல்ல பேச்சு எழுதுறவங்க கிட்ட கேட்டது ஈராக்குக்கு எதிரா ஒரு வாதம் எழுதுங்கன்னு தான். டேவிட் ஃப்ரம் "வெறுப்பின் அச்சு"ன்னு எழுதிக் குடுத்தாரு, மைக்கேல் கெர்சன் அத "தீய அச்சு"ன்னு மாத்துனாரு. ஈரானும் வடகொரியாவும் பின்னாடி வந்து சேந்த பேரு.

நெல்லை_மச்சான்

அப்போ வடகொரியாக்காரன் சும்மா எண்ணிக்கைக்கு சேத்த ஆளா? பாவம்வே அவன்.

டீச்சரக்கா

பாவமா! நல்லா சொன்னீங்க. அவன் அதுல இருந்து என்ன பாடம் படிச்சான்னு பாருங்க. 94ல கிளிண்டன் காலத்து ஒப்பந்தப்படி யோங்பியான் அணு உலைய மூடி வெச்சிருந்தாங்க, உள்ள ஐநா கண்காணிப்பு. அதுக்குப் பின்னாடி திருட்டுத்தனமா யுரேனியம் வேல பண்ணாங்கன்னு அமெரிக்கா 2002 அக்டோபர்ல குற்றஞ்சாட்டுச்சு, அந்த ஒப்பந்தம் ஒடஞ்சுது, டிசம்பர்ல கண்காணிப்பாளர்கள வெளியேத்துனான், 2003 ஜனவரில அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துல இருந்தே வெளிய வந்தான். 2006 அக்டோபர் 9ம் தேதி குண்டு வெடிச்சுக் காட்டிட்டான். மூணு நாட்டுல குண்டு இல்லாதவன் மேல தான் படையெடுப்பு நடந்துச்சு.

தென்கொரியாக்காரங்க தான் பாவம். அவங்க ஜனாதிபதி கிம் டே ஜுங் வடக்கோட சமாதானம்னு நோபல் பரிசு வாங்கி ஒரு வருசம் கொஞ்சம் தாண்டியிருக்கு, அவர் தலைல கல்லப் போட்ட மாதிரி ஆச்சு. அடுத்த மாசமே புஷ் சியோல் போயி, வடகொரியா மேல படையெடுக்குற எண்ணம் எங்களுக்கு இல்லன்னு சொல்ல வேண்டியதாச்சு.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் அச்சு அச்சுன்னு பேசுறீங்க, நான் துட்டு பத்திப் பேசுறேன்.

பேச்சுல அவரே கணக்கு சொன்னாரு, போருக்கு மாசம் நூறு கோடி டாலருக்கு மேல, ஒரு நாளைக்கு 3 கோடி டாலருக்கு மேல செலவுன்னு. ராணுவத்துக்கு இருவது வருசத்துல இல்லாத அளவு உயர்வு கேட்டாரு. உள்நாட்டுப் பாதுகாப்புக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கூடவே முந்தின வருசம் போட்ட வரிக் குறைப்ப நிரந்தரமாக்கணும்னும் கேட்டாரு. செலவு ஏறுது, வரவு எறங்குது, அப்ப துண்டு விழுமேன்னு கேட்டா, பற்றாக்குறை சின்னதா இருக்கும், கொஞ்ச காலத்துக்கு தான் இருக்கும்னாரு.

2001ல அமெரிக்க பட்ஜெட்டுல உபரி, 12,800 கோடி டாலர். 2002ல பற்றாக்குறை 15,800 கோடி. 2003ல 37,800 கோடி. 2004ல 41,300 கோடி. அவர் சொன்ன சின்னதும் கொஞ்ச காலமும் இது தான். போர்னு ஒரு வார்த்த முன்னாடி நிக்கும்போது கணக்குப் பாக்குறவன் வாயத் தொறந்தா தேசத்துரோகி.

இன்னொண்ணு, என்ரான்ங்கற பெரிய எரிசக்தி கம்பெனி டிசம்பர் 2ம் தேதி திவால். ஊழியர்களோட ஓய்வூதிய சேமிப்பெல்லாம் அந்தக் கம்பெனி ஷேர்லயே இருந்து காத்துல போச்சு. அந்த மாசம் பேப்பர தொறந்தா என்ரான் தான், கம்பெனி தலைவர் வேற புஷ்ஷோட பழைய கூட்டாளி. பேச்சுல ஓய்வூதிய சேமிப்புக்குப் பாதுகாப்பு வேணும், கம்பெனிகள் பொறுப்பா நடக்கணும்னு வருது, என்ரான்ங்கற பேரு வரல. ஆக மொத்தம் அந்த மாசம் முக்கியமான ரெண்டு பேரும் அவர் வாயில வரல, பின்லேடனும் வரல என்ரானும் வரல.

பழைய_பேப்பர்

கணக்கு, அருமை. இதத்தான் நானும் சொல்ல வந்தேன்.

அக்கா சொன்ன மேடை விசயத்துக்கு வர்றேன். அன்னிக்கு கேக்க முடியாது, ஒத்துக்குறேன், அந்த ராத்திரி, அந்த விதவைப் பொண்ணு முன்னாடி யாராலயும் முடியாது. ஆனா மறுநாள்? அடுத்த மாசம்? செனட் அப்ப எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி கையில இருந்துச்சு, டேஷில் தான் பெரும்பான்மைத் தலைவரு. அன்னிக்கு ராத்திரியே எதிர்க்கட்சி சார்பா டிவில பதில் பேசுன கெப்ஹார்ட் போர் விசயத்துல ஜனாதிபதியோட நிக்கிறோம்னாரு, மத்த விசயத்துல தான் வேற வேற கருத்துன்னாரு. அதே கெப்ஹார்ட் 2002 அக்டோபர்ல வெள்ளை மாளிகைத் தோட்டத்துல புஷ் பக்கத்துல நின்னு ஈராக் தீர்மானத்துக்கு ஆதரவு குடுத்தாரு. கீழ்சபைல 296க்கு 133, செனட்ல 77க்கு 23. கெர்ரி, ஹிலாரி எல்லாம் ஆமா போட்ட பட்டியல்.

அதுக்கு முன்னாடி 2001 செப்டம்பர் 14, செப்டம்பர் 11ல சம்பந்தப்பட்டவங்கன்னு அவர் முடிவு பண்ற யார் மேல வேணா படைய அனுப்பிக்கலாம்ங்கற அதிகாரத்த ஜனாதிபதிக்குக் குடுத்த தீர்மானம். கீழ்சபைல 420க்கு 1. அந்த ஒண்ணு பார்பரா லீ. அந்தம்மாவுக்குக் கொலை மிரட்டல் வந்து போலீஸ் காவல் போட வேண்டியதாச்சு. அந்தச் சின்ன தீர்மானத்த வெச்சுத் தான் பின்னாடி வந்த ஜனாதிபதிங்க எத்தனையோ நாட்டுல குண்டு போட்டாங்க. அந்த ஒருத்தரும் எதிர்த்து ஓட்டு போடாம இருந்திருந்தா அது முழுசா ஒருமனசா நடந்ததுன்னு எழுதி வெச்சிருப்பாங்க.

டீசல்_என்ஜின்

யோவ் எல்லாரும் ஒரே பக்கமா சாயுறீங்களே. அந்த அளவுக்குப் பெரிய தாக்குதல் அதுக்கப்புறம் அமெரிக்காவுல நடந்துச்சா? இல்ல. ஏர்போர்ட் பாதுகாப்ப அரசாங்கம் எடுத்துக்கிச்சு, உளவுத்துறைங்க ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிச்சுது. இந்தப் பேச்சுல முக்கியமான பகுதி அது தான். பொதுமக்கள வாழ்நாள்ல 4,000 மணி நேரம் சேவைக்கு ஒதுக்குங்கன்னு கேட்டாரு, எத்தன தலைவன் போர் நேரத்துல இப்படிக் கேப்பான்? டெட் கென்னடியோட சேந்து பள்ளிக்கூடச் சட்டம் போட்டேன்னு அந்த சபையிலயே எதிர்க்கட்சிக்காரரப் பேர் சொல்லிப் பாராட்டுனாரு. இங்க எவனாவது செய்வானா? அப்ப ஜனங்க ஆதரவு எம்பதுக்கு மேல இருந்துச்சு. அத்தன ஜனமும் முட்டாளா?

எடிசன்வாசி

டீசல், நான் இந்த இழையில புஷ் பக்கம் பேசுன ஆளு தான், ஆனா அந்த எம்பது சதவீதத்த ஆதாரமாக் காட்டாதீங்க. அந்த ஜனத்துல நானும் ஒருத்தன். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு கொடி. நானும் என் கார்ல கொடி ஒட்டுனேன், பாதி நாட்டுப்பற்று, பாதி இந்த மூஞ்சியப் பாத்து எவனும் அடிச்சிடக் கூடாதுங்கற பயம். அரிசோனால ஒரு சீக்கியர அவரோட பெட்ரோல் பங்க் வாசல்லயே சுட்டுக் கொன்னான், தலப்பாகையப் பாத்து. அப்ப சர்வே எடுக்க ஃபோன் வந்தா ஆதரிக்கிறேன்னு தான் சொல்லுவேன், வேற என்ன சொல்லுவேன்?

நெல்லை_மச்சான்

நம்மூர்ல மட்டும் என்ன வாழுது. அங்க செப்டம்பர் 11 நடந்ததும் இங்க அக்டோபர்ல பொடாங்கற பயங்கரவாதத் தடுப்பு அவசரச் சட்டம் வந்துச்சு, மாநிலங்களவைல தோத்ததும் 2002 மார்ச் 26ம் தேதி ரெண்டு அவையையும் ஒண்ணா கூட்டி 425க்கு 296ன்னு நிறைவேத்துனாவ. வைகோ அண்ணாச்சி அந்தச் சட்டத்த ஆதரிச்ச பக்கம் இருந்தவரு. ஜூலைல அதே சட்டத்துல அவரயே தூக்கி வேலூர் ஜெயில்ல வெச்சாவ, திருமங்கலத்துல பேசுன பேச்சுக்கு. ஒன்றர வருசத்துக்கு மேல உள்ள இருந்தாரு. பயத்துல கை தூக்குத எம்பிக்கெல்லாம் இந்தக் கதையச் சொல்லணும்.

தறிக்காரன்

நெல்லை அண்ணா போட்டாரு பாருங்க!

டீசல்_என்ஜின்

சரி சரி, பொடாவ இழுத்துட்டீங்கன்னா நான் விலகிக்கிறேன். ஆனா ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. பின்லேடன் பேரச் சொல்லாம விட்டது தப்புன்னு பேப்பர் சொல்றாரு. புடிக்க முடியாத ஒருத்தன் பேரத் திரும்பத் திரும்ப சொல்லி அவன பெரிய ஆளாக்கணுமா? எந்த ஜெனரலும் அத செய்ய மாட்டான்.

பழைய_பேப்பர்

நல்ல கேள்வி டீசல். பேரச் சொல்லாதது தந்திரம்னா சரி. ஆனா அதே வருசம் மார்ச் 13ம் தேதி பிரஸ் மீட்ல பின்லேடன் பத்திக் கேட்டப்ப, அவன் எங்க இருக்கான்னு தெரியாது, உண்மையச் சொன்னா நான் அவனப் பத்தி அவ்வளவா கவலப்படலன்னு வாயாலயே சொன்னாரு. அப்ப அது தந்திரமா, இல்ல கவனம் வேற எடத்துக்குப் போயிடுச்சா? 2003 மார்ச்ல பாக்தாத் மேல குண்டு விழும்போது ஆப்கானிஸ்தான்ல இருந்து ஆளும் கருவியும் அங்க தான் போச்சு. தலிபான் மெதுவா திரும்ப வந்தான். ஈராக்ல தேடித் தேடிப் பாத்தாங்க, பேரழிவு ஆயுதம்னு சொன்னது ஒண்ணும் கெடைக்கல.

எனக்கு புஷ் மேல இருக்குற வருத்தத்த விட அந்த எம்பிக்கள் மேல தான் அதிகம். அவரு தன் வேலையத் தான் பாத்தாரு, ஆதரவு தேடுறது. கேக்க வேண்டியது அவங்க வேல. பேச்சுல "ஆபத்து சேரும்போது நான் காத்திருக்க மாட்டேன்"னு அவர் சொன்ன அந்த எடம், அது தான் முன்கூட்டியே அடிப்பேங்கற கொள்கையோட மொத அறிவிப்பு. போர் அறிவிக்கிற அதிகாரம் யார் கையில இருக்கு? உக்காந்திருந்தவங்க கையில. அந்த அதிகாரத்த எடுத்துக்கிறேன்னு ஒருத்தர் நேருக்கு நேரா சொல்றாரு, இவங்க எந்திரிச்சுக் கை தட்டுறாங்க.

டீச்சரக்கா

பேப்பர், 2003 ஜனவரி 28 பேச்சையும் இதோட சேத்துப் பாருங்க. ஆப்பிரிக்கால சதாம் யுரேனியம் தேடுனான்னு பிரிட்டிஷ் அரசு கண்டுபுடிச்சிருக்குன்னு சொன்ன வரி, இங்கிலீஷ்ல பதினாறே வார்த்த. அது பேச்சுல வந்திருக்கவே கூடாதுன்னு அந்த ஜூலைலயே வெள்ளை மாளிகை ஒத்துக்கிச்சு, அதுக்குள்ள போர் ஆரம்பிச்சு கிட்டத்தட்ட நாலு மாசம் ஆச்சு. 2002ல ஒருத்தராவது ஆதாரம் கேட்டிருந்தா 2003ல அந்த வரி எழுதுற துணிச்சல் வந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது.

எடிசன்வாசி

அக்கா அத இங்க ஆரம்பிக்காதீங்க, நைஜர், ஜோசப் வில்சன், அவர் மனைவி பேர வெளிய விட்டதுன்னு அது பெரிய கத. தனி இழை போடுங்க, நான் கண்டிப்பா வர்றேன். துபாய் பாய், நீங்க அந்த ஈரானி இஞ்சினியர் பத்தி சொன்னீங்களே, 2015ல அணு ஒப்பந்தம் வந்தப்ப அவர் என்ன சொன்னாரு? தொடர்புல இருக்காரா?

துபாய்_பஸ்

இருக்காரு அண்ணே, இப்ப ஷிராஸ்ல. 2015ல ஃபோன் பண்ணி கத்துனாரு, பேசுனது யாருன்னு பாத்தியா, அதே ஜரிஃப்னு. 2018ல ட்ரம்ப் அதக் கிழிச்சுப் போட்டப்ப நான் ஃபோன் பண்ணேன், எடுக்கல. அக்கா இழை போட்டா லிங்க் இங்கயே குடுங்க, வந்துடுறேன்.